வைரஸ் இருக்கிறது, சரி; எவ்வளவு இருக்கிறது?

கிட்னி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து நாலாவது மாதம். லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், வயது 45. கிட்னி கொடுத்தது மனைவி. வழக்கமான பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் மாலை, மகனின் வாட்ஸப்பில் லேப் ரிப்போர்ட் வந்து விழுகிறது. ‘சி.எம்.வி. டி.என்.ஏ: கண்டறியப்பட்டது. 850 ஐ.யு. / மி.லி.’ மகன் உடனே கூகுளில் தேடுகிறான். சி.எம்.வி. என்பது ஒரு வைரஸ். மாற்று உறுப்பு கெட்டுப்போகும், பார்வை போகும் என்றெல்லாம் படித்துவிட்டு, கை நடுங்க டாக்டருக்கு ஃபோன் போடுகிறான். அவர் நிதானமாகக் கேட்கிறார்: “அப்பாவுக்குக் காய்ச்சல், பேதி ஏதாவது இருக்கா தம்பி? இல்லையா? சரி, மாத்திரை எதையும் மாத்த வேண்டாம். அடுத்த வாரம் அதே லேப்ல திரும்ப எடுத்துட்டு வாங்க.”

இந்த லாரிக்காரர் விளக்கத்துக்காக நான் உருவாக்கிக்கொண்டவர். ஆனால் மகனின் பதற்றமும் டாக்டரின் நிதானமும் உறுப்பு மாற்று வார்டு பக்கம் போய்வந்த எல்லோருக்கும் பழகியவைதான். உடம்பில் வைரஸ் இருப்பது தெரிந்த பிறகும் ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று ஒரு டாக்டரால் எப்படிச் சொல்ல முடிகிறது? ‘அதே லேப்’ என்று ஏன் அழுத்திச் சொன்னார்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் புரிந்துவிட்டால், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களிடம் வைரஸை எப்படித் தேடுகிறார்கள் என்பது முக்கால்வாசி புரிந்த மாதிரி.

முதலில், யார் இந்த ‘எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள்’? அடிக்கடி சளி பிடிக்கிறவர்களை இங்கே சொல்லவில்லை. மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளைத் தினமும் சாப்பிடுகிறவர்கள், எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்கள், கீமோ எடுப்பவர்கள், ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள், எச்.ஐ.வி.யால் சி.டி.4 எனும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துபோனவர்கள், எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்கும் லூபஸ் மாதிரியான நோய்க்கு மாதக்கணக்கில் அதிக அளவு ஸ்டீராய்டு எடுப்பவர்கள். இவர்களிடம் வைரஸைப் பிடித்து அடக்கிவைக்கும் டி அணுக்கள் எனும் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும், அல்லது மருந்தால் மந்தமாக்கப்பட்டிருக்கும்.

இவர்களுக்கு வரும் தொல்லையில் பெரும்பங்கு புதிதாக வெளியிலிருந்து வருவதில்லை என்பதுதான் ஆச்சரியம். ஏற்கெனவே உள்ளே குடியிருக்கிற வைரஸ்களால்தான் வருகிறது. சின்ன வயதில் வந்த சின்னம்மை ஆறிவிட்டது என்று நினைப்போம்; அந்த வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒளிந்துகொண்டு ஐம்பது வருஷம்கூட இருக்கும். அப்புறம் ஒரு நாள் விலாவில் பட்டை பட்டையாக அக்கியாக வெளியே வரும். நம் ஊரில் அக்கிக்குக் குயவர் வீட்டில் போய்க் காவியால் எழுதிக்கொள்ளும் பழக்கம் உண்டு. வலுவான உடம்பில் அக்கி எழுதினாலும் எழுதாவிட்டாலும் சில வாரத்தில் ஆறிவிடும் என்பதால் அந்த நம்பிக்கையும் பிழைத்துக்கொண்டிருக்கிறது. மஜ்ஜை மாற்று செய்தவரிடம் கதை வேறு. தோலில் ஒரு கொப்புளம்கூட வராமல் தாங்க முடியாத வயிற்றுவலியோடு அது உள்ளேயே பரவலாம். அங்கே காத்திருக்க நேரம் இல்லை.

சி.எம்.வி. எனப்படும் சைட்டோமெகலோ வைரஸும் இந்த ஜாதிதான். எச்சில், தாய்ப்பால் வழியாகச் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு வந்ததே தெரியாது. இந்தியாவில் வளர்ந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இதைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். அது மஜ்ஜையிலும் ரத்தத்தின் வெள்ளை அணுக்களிலும் தூங்கிக்கொண்டிருக்கும். இ.பி.வி. எனப்படும் எப்ஸ்டீன்-பார் வைரஸ், பி அணுக்கள் எனும் இன்னொரு வகை வெள்ளை அணுக்களில். பி.கே. வைரஸ் சிறுநீரகத்திலும் சிறுநீர்ப் பாதையிலும். நீங்களும் நானும் இவற்றில் இரண்டு மூன்றையாவது இப்போதே வைத்திருக்கிறோம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அதனால் கேள்வியே மாறிவிடுகிறது. வழக்கமாக ஒரு லேப் ரிப்போர்ட்டில் நாம் பார்ப்பது ‘இருக்கா, இல்லையா’ என்பதை. இங்கே ‘இருக்கு’ என்பது தெரிந்த விஷயம். எவ்வளவு இருக்கிறது, எந்த இடத்தில் இருக்கிறது, போன வாரத்தைவிட ஏறியிருக்கிறதா — இந்த மூன்றுதான் கேள்வி.

இப்போது ஆன்டிபாடி சோதனையைப் பார்ப்போம். வைரஸ் வந்துபோனால் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி எனும் எதிர்ப்பொருளை உண்டாக்கும். ரத்தத்தில் அது இருந்தால் வைரஸ் வந்திருக்கிறது என்று அர்த்தம். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் எலைசா முறையில் சோதிக்கப்பட்டு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தன அல்லவா, அது இந்த வகைச் சோதனைதான். அதுவரை இந்தியாவில் யாரிடமும் காணாத வைரஸ், ஆன்டிபாடியை உண்டாக்கும் வலு இன்னும் இருக்கிற உடம்பு: அந்த இடத்தில் எலைசா பிரமாதமாக வேலை செய்தது.

நம் லாரிக்காரரிடம் அதே வகைச் சோதனை மூன்று விதத்தில் காலை வாரும். ஒன்று, அவருக்குச் சின்ன வயதிலேயே சி.எம்.வி. வந்திருக்கும், ஆன்டிபாடி இருப்பது பழைய கதையைச் சொல்லுமே தவிர இன்று வைரஸ் கிளம்பிவிட்டதா என்று சொல்லாது. இரண்டு, புதிதாக ஏதாவது தொற்று வந்தாலும் மருந்தால் அமுக்கப்பட்ட உடம்பு ஆன்டிபாடி செய்யத் தாமதிக்கும், சில சமயம் செய்யவே செய்யாது. சிறுநீரகம் பழுதானதால் எதிர்ப்பு சக்தி மந்தமான டயாலிசிஸ் நோயாளிகளிடம் ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி இல்லை என்று வந்து, வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் தேடினால் இருக்கிறது என்று வருவது இதனால்தான். மூன்றாவது கொஞ்சம் வேடிக்கையானது. ரத்தம் ஏற்றியிருந்தாலோ இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டிருந்தாலோ அதில் இருப்பது ஊராரின் ஆன்டிபாடி. சோதனை ‘பாசிட்டிவ்’ என்று சொல்லும். யாருடைய பாசிட்டிவ் என்று சொல்லாது.

அதற்காக ஆன்டிபாடி சோதனையைக் குப்பையில் போட்டுவிடவும் முடியாது. அதன் இடம் அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாட்கள். கொடுப்பவருக்கு சி.எம்.வி. இருந்து, பெறுபவருக்கு இல்லை என்றால் அது ஆபத்து அதிகமான ஜோடி: உறுப்போடு வைரஸும் இலவசமாக வந்து சேரும், அதை அடையாளம் தெரிந்த ஒரு டி அணுகூட உள்ளே இருக்காது. மேலைநாடுகளில் இந்த ஜோடி அதிகம். நம் ஊரில் வளர்ந்தவர்களிடம் அரிது, ஏனென்றால் இரண்டு பக்கமும் பாசிட்டிவ்தான். குழந்தைகளிடம் மட்டும் அப்படி முடிவுகட்டிவிட முடியாது. ஹெபடைடிஸ் பி-யும் இப்படித்தான். எப்போதோ வந்து ஆறிப்போன மஞ்சள் காமாலை, பி அணுக்களை அழிக்கும் ரிடுக்ஸிமாப் மருந்து ஏற்றியதும் தலைதூக்கிக் கல்லீரலைத் தாக்கும். அதனால் அந்த மருந்தை ஆரம்பிப்பதற்கு முன்பே மேற்பரப்பு ஆன்டிஜனோடு (வைரஸின் மேலுறைப் புரதம்) ‘கோர் ஆன்டிபாடி’யையும் (வைரஸின் உள்பகுதிக்கு எதிரான, பழைய தொற்றையும் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடி) பார்த்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டுப் பிறகு வருந்துவது தேவையில்லாத வருத்தம்.

சரி, வைரஸை நேராகவே பார்ப்பது எப்படி? பழைய வழி, செல் வளர்த்து அதில் வைரஸை வளரவிடுவது. சி.எம்.வி. ஆமை வேகத்தில் வளரும். ரிசல்ட் வர இரண்டு முதல் நாலு வாரம் ஆகலாம். நோயாளிக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. இன்னொன்று, பயாப்ஸி எடுத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது: சி.எம்.வி. புகுந்த செல் வீங்கி, நடுவில் கருப்பாக ஒரு உருண்டை, அதைச் சுற்றி வெளிறிய ஒரு வளையம். பார்த்தால் ஆந்தை முறைக்கிற மாதிரியே இருக்கும். அதன் பெயரே ‘ஆந்தைக் கண்’தான். அப்புறம் வெள்ளை அணுக்களுக்குள் பிபி65 என்ற வைரஸ் புரதத்தைச் சாயம் ஏற்றித் தேடும் முறை வந்தது. நல்ல முறைதான். ஆனால் ரத்தம் எடுத்த சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், ஒருவர் உட்கார்ந்து கண்ணால் எண்ண வேண்டும். வெள்ளை அணுவே இல்லாமல் கிடக்கும் மஜ்ஜை மாற்று நோயாளியிடம் எதை எண்ணுவது?

இன்றைக்கு இந்த வேலையை எல்லாம் பி.சி.ஆர். எடுத்துக்கொண்டுவிட்டது. கோவிட் காலத்தில் இந்தப் பெயரைக் கேட்காத வீடு இல்லை, ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பலருக்கும் தெரியாது. வைரஸின் டி.என்.ஏ. ஒரு முறுக்கின கயிறு. அதை 95 டிகிரி வரை சூடாக்கினால் இரண்டு இழையாகப் பிரியும். சூட்டைக் குறைத்ததும், நாம் போட்டுவைத்த சின்ன டி.என்.ஏ. துணுக்குகள் அந்த வைரஸுக்கே உரிய ஒரு இடத்தில் போய் ஒட்டும். ஒரு நொதி அங்கிருந்து தொடங்கி எதிர் இழையைக் கட்டும். ஒன்று இரண்டாகிவிட்டது. திரும்பச் சூடு, திரும்பக் குளிர்ச்சி. இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். 30 சுற்று முடிந்தால் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். 1983-ல் அமெரிக்காவில் கேரி முல்லிஸுக்கு இந்த யோசனை தோன்றியது. 1993-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இத்தனை சூட்டிலும் கெடாத அந்த நொதி, யெல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றில் 1960-களில் கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவிடமிருந்து வந்தது. வெந்நீர் ஊற்றில் வாழும் கிருமியைப் பற்றி ஆராய்ச்சி செய்து யாருக்கு என்ன லாபம் என்று அந்தக் காலத்தில் யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

இதில் எண்ணிக்கை எப்படி வருகிறது? ஒவ்வொரு சுற்றிலும் சேரும் பிரதிகளுக்கு ஏற்ப ஒரு சாயம் ஒளிரும். அந்த ஒளி ஒரு கோட்டைத் தாண்டும்போது எத்தனையாவது சுற்று என்று கருவி குறித்துக்கொள்ளும். ஆரம்பத்திலேயே வைரஸ் நிறைய இருந்தால் சீக்கிரம் தாண்டும், கொஞ்சமாக இருந்தால் தாமதமாகத் தாண்டும். ஏறக்குறைய 3.3 சுற்று முன்னதாகத் தாண்டினால் வைரஸ் பத்து மடங்கு அதிகம் என்று கணக்கு. அளவு தெரிந்த மாதிரிகளையும் கூடவே ஓட்டியிருப்பார்கள். அவற்றோடு ஒப்பிட்டால் ஒரு மில்லி லிட்டரில் இவ்வளவு என்று எண் வந்துவிடும்.

அந்த எண்ணைப் படிப்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். சர்க்கரை ரிப்போர்ட்டில் 110 போய் 160 வந்தால் நிஜமாகவே ஏறிவிட்டது. வைரஸ் எண்ணில் 850 போய் 1,300 வந்தால் அதை ஏற்றம் என்று சொல்ல முடியாது. ஒரே ரத்தத்தை ஒரே கருவியில் இரண்டு தடவை ஓட்டினாலே அந்த அளவு வித்தியாசம் வரலாம். மூன்று மடங்குக்கு மேல் மாறினால்தான் நிஜமான மாற்றம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். எண் ரொம்பச் சின்னதாக இருந்தால் அதையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். டாக்டர்கள் இதை ‘லாக்’ கணக்கில் பேசுவதும் இதனால்தான். ஆயிரம் என்றால் 3, பத்தாயிரம் என்றால் 4, லட்சம் என்றால் 5. அரை லாக் மாறினால் மூன்று மடங்கு மாறியிருக்கிறது. ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் 2.93 என்று இன்னொரு எண் அச்சாகியிருந்தால் குழம்ப வேண்டாம். 850-இன் லாக் அது.

‘அதே லேப்’ விஷயத்துக்கு வருவோம். ஒரே மாதிரியைப் பல லேப்களுக்கு அனுப்பினால் நூறு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல் வித்தியாசமாக எண் வந்த காலம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு லேபும் தன் சொந்தப் படியை வைத்து அளந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு படி இருந்தால் அரிசி வியாபாரம் எப்படி நடக்கும்? 2010-ல் உலக சுகாதார நிறுவனம் சி.எம்.வி.க்கு ஒரு பொதுப் படியைக் கொண்டுவந்தது. ரிப்போர்ட்டில் வரும் ‘ஐ.யு.’ அதுதான், சர்வதேச அலகு. அடுத்த வருஷம் இ.பி.வி.க்கும், சில வருஷம் கழித்து பி.கே. வைரஸுக்கும் வந்தது. நிலைமை நிறையச் சீராகிவிட்டது என்றாலும் முழுசாகச் சீராகவில்லை. வைரஸின் எந்தத் துண்டைத் தேடுகிறார்கள், முழு ரத்தத்தில் தேடுகிறார்களா, அணுக்களை நீக்கிய ரத்தத் திரவமான பிளாஸ்மாவிலா என்பதைப் பொறுத்து எண் இன்னமும் மாறும். முழு ரத்தத்தில் வெள்ளை அணுக்களுக்குள் இருக்கிற வைரஸும் கணக்கில் சேரும். எண் பெரிதாகத் தெரியும். ஊரில் இருக்கிற லேபில் ஒரு வாரம், ஆஸ்பத்திரி லேபில் அடுத்த வாரம் என்று மாற்றி மாற்றி எடுத்தால் வைரஸ் ஏறியதா, லேப் மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. காசு மிச்சம் என்று நினைத்து இதைச் செய்கிறவர்கள் உண்டு. கடைசியில் மூன்றாவது தடவையும் எடுக்க வேண்டியிருக்கும்.

ரத்தம் எடுக்கிற டியூப்கூட முக்கியம். வைரஸ் பி.சி.ஆருக்கு ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ. டியூப். பச்சை மூடி டியூபில் ஹெபாரின் இருக்கும், அது பி.சி.ஆர். நொதியையே முடக்கிவிடும், வைரஸ் இருந்தும் இல்லை என்று வரலாம். அப்புறம் நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்த ரத்தம் பிரிக்காமலே கொரியர் பையில் கிடந்து திங்கட்கிழமை காலையில் லேபுக்குப் போனால், இடையில் வெள்ளை அணுக்கள் உடைந்து உள்ளே இருந்த டி.என்.ஏ. பிளாஸ்மாவில் கசியும். எண் ஏறும். நோயாளி உடம்பில் ஒன்றுமே மாறியிருக்காது. கருவிக்குப் பல லட்சம் செலவழிக்கிற இடத்திலும் இந்தப் பிழை நடப்பது உண்டு. ஆளுக்கொரு எண்ணைப் பிடித்துக்கொண்டு விவாதிப்பதற்கு முன், மாதிரி எப்போது எடுத்தது என்று கேட்டுவிடுவது நல்லது.

எவ்வளவு என்பதைப் போலவே எங்கே என்பதும் கேள்வி என்றேன். அதற்கு பி.கே. வைரஸைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1971-ல் லண்டனில் கிட்னி மாற்று செய்துகொண்ட ஒருவரின் சிறுநீரில் இது முதலில் கிடைத்தது. அவர் பெயரின் முதலெழுத்துகளே வைரஸின் பெயராகிவிட்டன. இந்தியாவில் கிட்னி மாற்று முதன்முதலில் வெற்றிகரமாக வேலூரில் நடந்ததும் அதே 1971-ல்தான். இந்த வைரஸுக்கும் கிட்னி மாற்றுக்கும் அப்படி ஒரு பூர்வ ஜென்ம பந்தம்! பொதுவாக மாற்றுச் சிறுநீரகத்தைத்தான் இது தாக்கும். காய்ச்சல் இருக்காது, வலி இருக்காது. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் மட்டும் ரத்தத்தில் மெல்ல மெல்ல ஏறும். பார்க்கிறவர்களுக்கு ‘உடம்பு கிட்னியைத் தள்ளுகிறது’ என்றே தோன்றும்.

இங்கேதான் பொறி இருக்கிறது. உடம்பு கிட்னியைத் தள்ளுகிறது என்றால் எதிர்ப்பு சக்தியை அமுக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும். பி.கே. வைரஸ் என்றால் அதே மருந்தைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் இந்த வைரஸுக்கென்று நம்பகமான மருந்து இதுவரை இல்லை. உடம்பே எழுந்து அதை அடக்க விட வேண்டியதுதான். இரண்டில் எது என்று தப்பாக முடிவெடுத்தால் கிட்னி போய்விடும். அதனால்தான் கிரியாட்டினின் ஏறும்வரை காத்திருக்காமல், மாற்று முடிந்த முதல் சில மாதங்களுக்கு மாதம் ஒருமுறையும் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பி.கே. வைரஸைத் தேடுகிறார்கள்.

எதில் தேடுவது? சிறுநீரில் இது முதலில் தலைகாட்டும், ரத்தத்தில் சில வாரம் கழித்துத்தான் வரும். ஆனால் சிறுநீரில் கோடிக்கணக்கில் இருந்தும் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாதவர்கள் நிறையப் பேர். ரத்தத்தில் வந்துவிட்டால் திசுவைத் தாண்டி வெளியே கசிகிறது என்று அர்த்தம். பிளாஸ்மாவில் ஒரு மில்லி லிட்டருக்குப் பத்தாயிரம் பிரதியைத் தாண்டினால் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கும் என்றே எடுத்துக்கொண்டு மருந்தைக் குறைக்க ஆரம்பிப்பார்கள். பல இடங்களில் அதற்கு முன்பே, ஆயிரத்தைத் தாண்டி அங்கேயே நின்றால், கை வைத்துவிடுவார்கள். சந்தேகம் தீராவிட்டால் பயாப்ஸி. சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும் உண்டு. இந்த வைரஸ் புகுந்த செல்கள் பெரிய உட்கருவோடு புற்றுநோய்ச் செல் மாதிரியே தெரிந்து பார்ப்பவரை ஏமாற்றும். அவற்றுக்குப் பெயரும் ‘ஏமாற்றுச் செல்கள்’ என்கிற பொருளில்தான் வைத்திருக்கிறார்கள்.

சி.எம்.வி.யிலும் இந்த இடக் குழப்பம் உண்டு. குடலில் புண் போட்டு ரத்தபேதி ஆகிக்கொண்டிருக்கும், ரத்தத்தில் பி.சி.ஆர். எடுத்தால் ஒன்றுமே இல்லை என்று வரும். வைரஸ் குடலோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான். குடலுக்குள் கேமரா விட்டுத் துணுக்கு எடுத்தால் ஆந்தைக் கண் முறைக்கும். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் சி.டி.4 எண்ணிக்கை 50-க்குக் கீழே போனால் இதே வைரஸ் விழித்திரையைத் தின்னத் தொடங்கும். அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் லேப் இல்லை, கண்ணில் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்க்கிற கண் டாக்டர். ‘கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குது’ என்று அப்படிப்பட்ட ஒருவர் சொன்னால், ரத்த ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது.

மூச்சுப்பாதை வைரஸ்களைப் பற்றிச் சுருக்கமாக. மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்த ஒரே மாதிரியில் இன்ஃபுளுயன்ஸா, ஆர்.எஸ்.வி., அடினோ என்று பதினைந்து இருபது வைரஸைத் தேடும் தொகுப்புச் சோதனைகள் இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கின்றன. நமக்கு ஒரு வாரத்தில் போய்விடும் வைரஸ் இவர்களிடம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் ‘பாசிட்டிவ்’ என்று வந்தது இன்றைய இருமலுக்குக் காரணமா, இரண்டு மாதத்துக்கு முந்தைய சளியின் மிச்சமா என்று மார்பு ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பி.சி.ஆரையும் முட்டாளாக்குகிற ஒரு வைரஸைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. எச்.எச்.வி.-6. குழந்தைகளுக்குக் காய்ச்சல் விட்டதும் உடம்பெல்லாம் சிவப்பாகப் பூக்குமே, பெரும்பாலும் அதற்குக் காரணம் இதுதான். நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இந்த வைரஸின் முழு டி.என்.ஏ.வும் அவருடைய குரோமோசோமிலேயே தைக்கப்பட்டிருக்கிறது. அப்பா அம்மாவிடமிருந்து மூக்கு, நிறம் போல வந்தது. உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு பிரதி. முழு ரத்தத்தில் பி.சி.ஆர். எடுத்தால் எண் லட்சக்கணக்கில் வரும். வைரஸ் கொதித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக் கடுமையான மருந்தை ஏற்றுவார்கள். எண் அசையாது, எப்படி அசையும்? சந்தேகம் வந்தால் ஒரு தலைமுடியை வேரோடு பிடுங்கி அதில் தேடுவார்கள். முடிவேரிலும் வைரஸ் டி.என்.ஏ. இருந்தால், அது பிறவியிலேயே வந்தது.

இதற்கு நேர் எதிராக, இருப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லாத ஒரு வைரஸை எண்ணுவதும் நடக்கிறது. 1997-ல் ஜப்பானில் ஒரு நோயாளியிடம் கண்டுபிடித்து, அவர் பெயரின் முதலெழுத்துகளால் டி.டி. வைரஸ் என்றழைத்தார்கள். கிட்டத்தட்ட எல்லோர் ரத்தத்திலும் உண்டு, நோய் எதுவும் தருவதாகத் தெரியவில்லை. எதிர்ப்பு சக்தி அமுங்கினால் இது பெருகும், நிமிர்ந்தால் குறையும். மாற்று உறுப்பு பெற்றவருக்கு மருந்து அதிகமாகிவிட்டதா, போதவில்லையா என்று பார்க்கும் தெர்மாமீட்டராக இதைப் பயன்படுத்த முடியுமா என்று சோதித்துவருகிறார்கள். எனக்கு இந்த ஆராய்ச்சி ரொம்பவே பிடித்திருக்கிறது.

லாரிக்காரரிடம் திரும்புவோம். ஒரு வாரம் கழித்து அதே லேபில் 1,100. மகனுக்குத் திரும்பவும் பயம். டாக்டருக்கு இல்லை, மூன்று மடங்கு ஏறவில்லை. மூன்றாவது வாரம் 9,400. இப்போது டாக்டர் காத்திருக்கவில்லை. எதிர்ப்பு சக்தி அமுங்கிய உடம்பில் சி.எம்.வி. ஏறக்குறைய ஒரு நாளில் இரட்டிப்பாகக்கூடியது. தினம் இரட்டித்தால் ஏழு நாளில் 128 மடங்கு. இந்தச் சோதனையை மாதம் ஒருமுறை செய்து பயனில்லை, வாரம் ஒருமுறை செய்ய வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம். எந்த எண்ணில் மருந்து தொடங்குவது என்பதற்கு உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு கோடு கிடையாது; ஒவ்வொரு மையமும் தன் லேபின் எண்களை வைத்துத் தன் கோட்டைப் போட்டுக்கொள்கிறது. அவருக்கு இன்னும் காய்ச்சல் இல்லை. வெள்ளை அணுக்கள் மட்டும் லேசாகக் குறைந்திருந்தன. நோய் வருவதற்கு முன்பே எண்ணைப் பார்த்து மருந்து தொடங்குவதுதான் இந்த முறையின் மொத்த வித்தையும்.

வால்கான்சிக்ளோவிர் மாத்திரை, காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு. கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்து அளவு மாறும். இந்த மாத்திரையே வெள்ளை அணுக்களைக் குறைக்கும் என்பதால் அதற்கும் வாராவாரம் ரத்தம். முதல் வாரம் முடிந்து பார்த்தால் 10,200. மாத்திரை வேலை செய்யவில்லையோ என்று வீட்டில் எல்லோருக்கும் கவலை. முதல் வாரத்தில் எண் கொஞ்சம் ஏறியே நிற்பது வழக்கம்தான்; இரண்டு வாரம் முழுசாகச் சாப்பிட்ட பிறகும் இறங்காவிட்டால்தான் வைரஸ் மருந்துக்குப் பழகிவிட்டதா என்று அதன் மரபணுவைப் படித்துப் பார்ப்பார்கள். இரண்டாம் வாரம் 1,900. மூன்றாம் வாரம் ரிப்போர்ட்டில் எண்ணே இல்லை. ‘கண்டறியப்பட்டது, அளவிடும் வரம்புக்குக் கீழே.’

“கண்டறியப்பட்டதுன்னு போட்டிருக்கே சார்” என்று மகன் ஃபோன் செய்கிறான். ஆமாம், வைரஸ் இருக்கிறது, எண்ணிச் சொல்லும் அளவுக்கு இல்லை என்பதுதான் அந்த வரியின் அர்த்தம். அடுத்த வாரமும் அதே வரி வந்தால் மாத்திரையை நிறுத்தலாம் என்கிறார் டாக்டர். நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு ஊதா மூடி டியூபில், அதே லேபில் ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மஜ்ஜைக்குள் தூங்குகிற வைரஸை இந்த மாத்திரை தொடுவதே இல்லை.